நவஹோ நிலத்திலிருந்து லாசாலுக்கு வந்த பிள்ளையார்

நவஹோ நிலத்து யுரேனியத்தைப் பற்றி எழுதுவதற்காக நான் மொன்ட்ரியாலுக்குப் போனேன். உலகப் படம் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த வரியிலேயே சிரித்திருப்பார்கள். நவஹோ மக்களின் நிலம் அமெரிக்காவின் தென்மேற்கில், பாலைவனத்தில் கிடக்கிறது. மொன்ட்ரியால் கனடாவில், பெரிய ஆற்றின் நடுவே இருக்கும் தீவு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை என் ஆசிரியரிடம் சொன்னேன்.

"அரிசோனாவுல உங்களுக்கு யாரைத் தெரியும்? மொன்ட்ரியால்ல பழைய சுரங்கங்களைப் பத்திக் கூட்டம் நடக்குது. நவஹோ அம்மா ஒருத்தங்க பேச வர்றாங்க. நீங்க தங்கறதுக்கு வீடும் இருக்கு. பேசாம கிளம்புங்க" என்றார்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு மாத இதழில் கற்களைப் பற்றி எழுதுகிறேன். கல்லைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள். நானும் கேட்பதில்லை, பயம்தான். தங்குவதற்கு இருந்த வீடு என் பக்கத்து வீட்டு மலரின் அக்கா வீடு. மலர் யாழ்ப்பாணத்துக்காரி. அவள் அக்கா வசந்தி கணவனோடும் மகன் குடும்பத்தோடும் மொன்ட்ரியாலில் லாசால் பகுதியில் இருக்கிறாள்.

விமான நிலையத்துக்கு வசந்தியின் கணவர் குகன் வந்திருந்தார். பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. "வாங்கோ அக்கா, பயணம் சுகமோ?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துச் சாலையை மறித்திருந்தார்கள். ஒரு பக்கம் போக இன்னொரு பக்கம் போய்ச் சுற்றினோம். நான் பழக்கதோஷத்தில் திசை பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இது எந்தத் திசைங்க?"

"இது வடக்கு."

எதிரே சூரியன் மறைந்துகொண்டிருந்தது. "சூரியன் வடக்கிலயா மறையுது?" என்றேன்.

"ஓம் அக்கா. இஞ்சத்தை வடக்கு அப்பிடித்தான்" என்றார் அவர், ஏதோ இட்லிக்குச் சட்னி என்பது மாதிரி. விசாரித்ததில், இந்த ஊரில் தெருக்களை ஆற்றின் ஓட்டத்துக்கு ஏற்பப் போட்டுவிட்டு, ஆற்றுக்கு எதிர்ப்பக்கத்தை வடக்கு என்று சொல்லிக்கொள்கிறார்களாம். உண்மையான வடமேற்கு இவர்களுக்கு வடக்கு. பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்கத் திசைகாட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்குத் தலை கிறுகிறுத்தது.

மறுநாள் காலை வசந்தி என்னைத் தட்டி எழுப்பினாள். "அக்கா, குளிச்சிட்டு வாங்கோ. பூசை முடியப்போகுது." வீடு மூன்றாவது மாடியில் சின்ன அடுக்ககம். உடுப்பு அலமாரி ஒன்றைக் காலி செய்து சாமி அறை ஆக்கியிருந்தார்கள். கற்பூரப் புகைக்கு அலாரம் அலறிவிடும் என்று கூரையில் இருந்த கருவிக்குப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. மருமகள் அபிராமி கைகூப்பி நின்றாள். ஆறாம் மாதம். கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து உண்டானது என்று மலர் திருச்சியிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். மகன் லாரி ஓட்டுகிறவன், அந்த வாரம் நாட்டின் மறுகோடியில் இருந்தான்.

வசந்தி எனக்கு வெள்ளிக் கரண்டியால் தீர்த்தம் தந்தாள். அபிராமிக்குச் சின்ன வெள்ளி டம்ளரில் தனியாகத் தந்தாள். நானும் கண்ணில் ஒற்றிக் குடித்துவிட்டேன். பால் வாசமும் துளசி வாசமும் வந்தது. குடித்த பிறகுதான் நிமிர்ந்து சாமியைப் பார்த்தேன்.

படங்களுக்கு நடுவே ஒரு கல். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரியது. கல் என்றுதான் வசந்தி நினைத்திருப்பாள். அது மரம். ஒரு காலத்தில் மரமாக இருந்து கல்லாகிப்போனது. பட்டையும் வளையங்களும் அப்படியே தெரிந்தன. ஒரு கிளைக் கணு தும்பிக்கை போல இடப்பக்கம் வளைந்திருந்தது. அதைப் பிள்ளையார் இல்லை என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அப்படி ஒரு அமைப்பு. கணுவிலும் வெடிப்புகளிலும் பளீரென்று மஞ்சள்.

"தானா வந்தவர் அக்கா" என்றாள் வசந்தி. "இவர்தான் கொண்டு வந்தவர்."

குகன் புட்டைப் பிசைந்தபடி கதை சொன்னார். போன வருடம் குடும்பமாக வான் எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் பெரிய பள்ளத்தாக்கு பார்க்கப் போனார்களாம். "திரும்பி வரேக்க வான் ரயர் காத்துப் போட்டுது. மாத்த இறங்கினன். றோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி மலையடியில பெரிய கல்லுக் குவியல். அதுக்கு மேல இவர் இருக்கிறார், மஞ்சள் காப்புப் போட்டுக்கொண்டு! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுது. தொட்டுக் கும்பிட்டுத் தூக்கி வானுக்குள்ள வைச்சன். வீடு வரைக்கும் ரயருக்கு ஒண்டும் வரேல்லை."

"அது எந்த ஊரு?"

"நவஹோ எண்டு போர்டு போட்டிருந்தது."

எனக்குப் புட்டு தொண்டையில் நின்றது. சொதியை ஊற்றி உள்ளே தள்ளினேன்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். டைனோசர்கள் திரிந்த காலத்தில் நவஹோ நிலத்தில் ஆறுகள் ஓடின. வெள்ளத்தில் விழுந்த மரங்கள் மணலுக்குள் புதைந்தன. பிறகு நிலத்தடி நீர் எங்கிருந்தோ யுரேனியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு அந்த மணல் வழியே வந்தது. காற்றுக் கலந்த தண்ணீரில் யுரேனியம் சுகமாகக் கரைந்து போய்க்கொண்டே இருக்கும். மக்கிய மரத்தைக் கண்டால் மட்டும் கரைசலை விட்டு வெளியே வந்து அங்கேயே படிந்துவிடும். அதனால் அந்தப் பக்கத்துப் பழைய சுரங்கக்காரர்கள் புதைந்த மரத்தைத் தேடித்தான் மலையைக் குடைந்தார்கள். அந்தத் தாது வெளிக்காற்றுப் பட்டு, வனேடியத்தோடு சேர்ந்து மாறும்போது மஞ்சள் பொடியாகிறது. அதற்குக் கார்னோடைட் என்று பெயர். புத்தகத்தில் அதன் படத்தைக் காட்டிப் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

வசந்தி சமையலறைக்குப் போனதும் கல்லை விரலால் தேய்த்துப் பார்த்தேன். மஞ்சள் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தேன். சமையல் மஞ்சள் வாசம்!

"ஒவ்வொரு நாளும் பாலும் தண்ணியும் வார்த்துத் தீர்த்தம் எடுக்கிறனான். வெள்ளிக்கு வெள்ளி மஞ்சளும் பூசி அபிசேகம் செய்யிறனான்" என்றாள் பின்னால் வந்து நின்ற வசந்தி. போச்சுடா. எது கடை மஞ்சள், எது யுரேனிய மஞ்சள் என்று இனி எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. வெறும் இரும்புக் கறையாகவும் இருக்கலாம். சும்மா கல்லாக இருந்தால், நான் வாயைத் திறந்து இந்த வீட்டின் நிம்மதியைக் கெடுத்தவளாவேன். சும்மா கல் இல்லையென்றால், அந்தப் பெண் தினமும் அதைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு. நான் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினேன்.

கூட்டம் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு வளாகத்தில். பேருந்து ஓட்டுநர் பாதி வழியில் நிறுத்தி ஃபிரெஞ்சில் நீளமாக என்னமோ அறிவித்தார். எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். அவர்கள் எல்லோரும் இன்னொரு பேருந்தில் ஏறினார்கள். நான் எனக்குத் தெரிந்த வடக்கைப் பார்த்து நடந்து, ஒரு பெரிய கடையின் பின்பக்கக் குப்பைத்தொட்டியில் போய் முட்டினேன். வழி கேட்கலாம் என்று நான் நெருங்கிய பெண்மணி, நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு மொழியிலும் வணக்கம் சொன்னாள். நான் பதற்றத்தில் மூன்றாவது மொழியில் பதில் சொன்னேன். எப்படியோ போய்ச் சேர்ந்தபோது பாதி நிகழ்ச்சி முடிந்திருந்தது. மதிய உணவுக்கு உருளைக்கிழங்கு வறுவலின் தலையில் குழம்பை ஊற்றி, மேலே பாலாடைக்கட்டியைப் போட்டுக் கொடுத்தார்கள். மொறுமொறுவென்று பொரித்ததை ஏன் ஊறவைக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனாலும் முழுக்கச் சாப்பிட்டேன்.

நவஹோ அம்மாவின் பெயர் லொரீன். என் வயதுதான் இருக்கும். காதில் நீலக்கல் தோடு, காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ. மேடைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். அரசாங்கத்துக்கு அணுகுண்டு செய்ய அந்த மஞ்சள் மண் தேவைப்பட்டது. வெடி வைத்த உடனே, புகை அடங்குவதற்குள் உள்ளே போகச் சொல்வார்களாம். உள்ளே காற்றோட்டம் கிடையாது. தாகத்துக்குப் பாறையில் வடிகிற தண்ணீரைக் குடிப்பார்கள். ஜில்லென்று இனிப்பாக இருக்கும் என்று அப்பா சொல்வார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த உடுப்பைக் கையால் துவைப்பார். குவாரிக் கல் மாதிரி நல்ல சதுரக் கல் சும்மா கிடக்கிறதே என்று சுரங்கத்துக் கல்லை எடுத்து வந்து அப்பா எங்களுக்கு வீடு கட்டினார். அது என்ன கல் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது."

அப்பா நுரையீரல் நோயில் போனார். இழப்பீட்டுச் சட்டம் வருவதற்குள் கூட வேலை செய்த பலரும் போய்விட்டார்கள். பிறகு ஒருநாள் கருவியோடு ஆட்கள் வந்து வீட்டை அளந்து, இடிக்க வேண்டும் என்றார்கள். அம்மா மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். கைவிட்ட சுரங்கங்கள் அந்த நிலத்தில் இன்னும் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன என்று லொரீன் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கி எறியலாம் போல எனக்குக் கோபம் வந்தது.

தேநீர் இடைவேளையில் லொரீனிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அபத்தமாக இருந்தது. "எங்கள் கடவுள் ஒருவருக்கு யானைத் தலை..." என்று ஆரம்பிக்க வேண்டியிருந்ததே! அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பெண் எத்தனை மாதம்?" என்று மட்டும் கேட்டார். கைப்பையில் கதிர்வீச்சு அளக்கும் சின்னக் கருவி இருக்கிறதாம். நான் குடை வைத்திருப்பது மாதிரி அவர் அதை வைத்திருக்கிறார். நாளை வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை மதியம் விருந்தாளி வருகிறார் என்றதும் வசந்தி கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சம்பல், பாற்சொதி என்று அமர்க்களப்படுத்திவிட்டாள். லொரீன் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். "பாத்தீங்களே அக்கா, சொல்லாமலே கழட்டுறா" என்று வசந்திக்குப் பரம திருப்தி. புட்டைச் சாப்பிட்டுவிட்டு, தன் அம்மா கிண்டும் சோளமாவுக் கூழின் வாசம் இதில் வருகிறது என்றார் லொரீன். அபிராமி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே பாலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு சாமி அறைக்குப் போனோம். கல்லைப் பார்த்ததும் லொரீனின் முகம் மாறியது. கருவியைப் பையிலிருந்து எடுத்து முடுக்கினார். வாசலில் நின்றபோது எப்போதாவது ஒரு டிக். அலமாரிக்குள் கையை நீட்டியதும் டிக் டிக் டிக் என்று விடாமல் அடித்துத் தள்ளியது.

"ஐயோ, பல்லி சொல்லுது!" என்று வசந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இந்தக் குளிர் நாட்டில பல்லி எங்கால? பாருங்கோ, பிள்ளையார் கதைக்கிறார்!"

அபிராமி மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. குகனுக்கும் விளங்கிவிட்டது. அவர் மெல்ல அலமாரியை விட்டுத் தள்ளி நின்றார். நான் வசந்தியின் கையைப் பிடித்து, "இது பல்லி இல்லைம்மா. இந்தக் கல்லுல விஷம் இருக்கு. அதைத்தான் இந்தக் கருவி சொல்லுது. இவரை வீட்டுல வைக்கக் கூடாது" என்றேன்.

"விஷமோ? என்ன கதை கதைக்கிறீங்கள் அக்கா?" வசந்திக்கு முகம் சிவந்துவிட்டது. "எத்தினை டொக்டரிட்டைப் போனம், எத்தினை கோயிலுக்குப் போனம். ஒண்டும் நடக்கேல்லை. இவர் வந்தபிறகுதான் இவளின்ர வயித்தில பிள்ளை தங்கினது. பிள்ளை தந்தவரை விஷமெண்டு சொல்லுறீங்களே!"

லொரீன் கருவியை அணைத்துவிட்டு அபிராமி வழியாகச் சொன்னார்: "என் அம்மாவும் இப்படித்தான் கோபப்பட்டார். அது சுரங்கத்துக் கல்லால் அப்பா கட்டிய வீடு. அந்தக் கல்லில் விஷம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்மா, இது உங்கள் கல் இல்லை. எங்கள் நிலத்திலிருந்து கல்லை எடுத்துப் போகக் கூடாது. எங்களைக் கேட்காமல் எடுத்த மஞ்சள் மண்ணால்தான் எங்களுக்கு இவ்வளவும் வந்தது." குகன் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தி சமையலறைக்குப் போனாள். லொரீன் கிளம்பும்போது மட்டும் வந்து, புட்டும் சம்பலும் கட்டிய பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

பேருந்து நிறுத்தம்வரை அபிராமியும் நானும் லொரீனோடு நடந்தோம். கல்லை அரசாங்க ஆட்களிடம் கொடுக்க வேண்டும் என்றார். தள்ளி நிற்பவர்களுக்குக் கல்லால் பெரிய ஆபத்து இல்லை என்றும் சொன்னார். "அதைக் கழுவிய தண்ணீர்தான் எனக்குப் பயம். யுரேனியம் உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டரைப் பார்த்துவிடு மகளே." அபிராமி வயிற்றில் கை வைத்தபடி நின்றாள்.

"நான் ஒவ்வொரு நாளும் குடிச்சனான் அன்ரி. மாமி காலமை தாறதை ஒருநாளும் வேண்டாமெண்டு சொன்னதில்லை." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமிக்குச் சொல்லாதேங்கோ. தன்ர கையால குடுத்தது எண்டு தெரிஞ்சா அவ உடைஞ்சு போவா."

சொல்ல வேண்டும், சொல்லக் கூடாது. அந்த வீட்டுக்கு நான் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வராமல் இருந்திருந்தால் அவள் இன்னும் குடித்துக்கொண்டிருப்பாள் என்றும் தோன்றியது.

ஞாயிறு காலை அபிராமி என் அறைக்குள் ஓடி வந்தாள். "அன்ரி, மாமியைக் காணேல்லை. பிள்ளையாரையும் காணேல்லை! சாமான் வாங்குற வண்டிலும் இல்லை. கற்பூரமும் இல்லை."

எனக்குச் சட்டென்று புரிந்தது. பிள்ளையாரை வீட்டில் வைக்கக் கூடாது என்றால் நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள்? தண்ணீரில்தானே விடுவார்கள்! லாசால் ஓரமாக ஓடுகிறது சென் லோரான் ஆறு. ஊரே அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கழுவின தண்ணீருக்கே இந்தப் பயம் என்றால், கல்லையே கொண்டுபோய் ஆற்றில் போடுவதா? எல்லாம் நான் பாதி சொல்லிப் பாதி விழுங்கியதால் வந்த வினை.

குகன் வேலைக்குப் போயிருந்தார். "நீ அலையாதே, மாமாவுக்கு ஃபோன் போடு" என்று அபிராமியை உட்காரவைத்துவிட்டு நான் ஓடினேன். ஆறு தெற்கே இருக்கிறது என்று குகன் சொல்லியிருந்தார். காலைச் சூரியனை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தேன். லாரிகள் நிற்கும் ஒரு தொழிற்சாலைச் சுவர்தான் வந்தது. மறந்தே போனேன், இந்த ஊர்த் தெற்கு வேறு தெற்கு! ஒரு தெப்பனர் திறந்திருந்தது. பாலும் சிகரெட்டும் விற்கிற தெருமுனைக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். கடைக்காரரிடம் நீந்துவதுபோல் கையை ஆட்டிக் காட்டினேன். அவர் நீச்சல் குளத்துக்கு வழி சொன்னார். தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பெரிதாக அலை போட்டுக் காட்டினேன். "ஆ!" என்று சூரியன் இருந்த பக்கத்தையே காட்டினார். சூரியனைப் பார்த்தபடி மூச்சிரைக்க ஓடினேன்.

ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. கரைப் பாறையில் வசந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாமான் வண்டி. அதற்குள் பட்டுத்துணி சுற்றிய பிள்ளையார். எனக்கு உயிர் வந்தது.

"போட்டுடாதே வசந்தி!" என்று கத்தினேன்.

"போடேல்லை அக்கா." அவள் திரும்பாமலே சொன்னாள். அழுதிருந்தாள். "கற்பூரம் கொளுத்திப்போட்டு விடத்தான் வந்தனான். அங்க பாருங்கோ." கொஞ்ச தூரத்தில் ஓர் ஆள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வாளியில் மீன் துள்ளியது. "அந்தாள் அதை வீட்டை கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குத்தானே காய்ச்சிக் குடுக்கும்? இதில விஷமெண்டு நீங்கள் சொல்லுறீங்கள். பொய்யோ மெய்யோ எனக்குத் தெரியாது. மெய்யெண்டா? அந்த மனிசிக்கு ஒருத்தரும் சொல்லேல்லையாம். எனக்குச் சொல்லிப்போட்டீங்களே. தெரிஞ்சுகொண்டு எப்பிடிப் போடுறது?"

வழியெல்லாம் அவளுக்காக நான் தயார் செய்துகொண்டு வந்த பிரசங்கத்துக்கு வேலையே இல்லாமல் போனது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இவருக்குக் கோவம் வருமோ அக்கா?" என்று கேட்டாள். "வராதும்மா. நீ ஊருக்கே கெடுதல் வராம பார்த்துக்கிட்ட. எதுக்குக் கோவப்படப் போறார்?" என்றேன். சாமி விஷயத்தில் எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்த நேரத்தில் அதை முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

வண்டியை ஆளுக்குக் கொஞ்ச தூரம் உருட்டி வீட்டுக்கு வந்தோம். குகன் தொழிற்சாலைத் தொப்பியோடு ஓடி வந்திருந்தார். கல்லைப் பால்கனிக் கோடியில் ஒரு தகரப் பெட்டியில் வைத்தார். அரசு ஆட்கள் திங்களன்று வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். அபிராமி கூடத்தில் தொலைபேசியில் இருந்தாள். எந்த நேரமும் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய மருத்துவ உதவி எண்ணாம். மறுமுனையில் நர்ஸ். அபிராமி ஃபிரெஞ்சில் மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என்ன? ஏன் அழுகிறாள்? ஆரோட கதைக்கிறாள்?" வசந்தி பதறிப்போனாள்.

அபிராமி ஃபோனில் சொன்னதைக் குகனால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "அந்தத் தீர்த்தம், வசந்தி. கல்லைக் கழுவின தண்ணி. அதால பிள்ளைக்கு ஏதும் வருமோ எண்டு கேக்கிறாள்."

வசந்தி சிரித்தாளே ஒரு சிரிப்பு! "அட விசரி! அவள் எங்க தீர்த்தம் குடிச்சவள்?"

அபிராமி தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள்.

"பச்சைப் பால் பட்டா இவளுக்குத் தொண்டை கட்டும். அதோட பிள்ளைத்தாச்சியாகப் போற பெட்டைக்குக் காய்ச்சாத பாலைக் குடுக்கிறதோ? இவர் வந்த முதல் நாளிலயிருந்து இவளுக்கு நான் சுடுதண்ணியை ஆறவைச்சு, துளசி போட்டுத்தான் குடுக்கிறனான். சொன்னா மனசு கஷ்டப்படுவாளெண்டு சொல்லேல்லை."

குகன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அபிராமி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு உண்மையானதுதான் தந்தனான். விருந்தாளியெல்லோ!" என்றாள் வசந்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு கரண்டிதானே.

அபிராமி மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "மாமி, இத்தினை நாளும் என்ர பங்குத் தீர்த்தத்தை என்ன செய்தனீங்கள்?"

"வேறென்ன செய்யிறது? தீர்த்தத்தைக் கொட்டக் கூடாதெல்லோ. உன்ர பேரைச் சொல்லி நான்தான் குடிச்சனான். என்ர பங்கையும் குடிச்சு, உன்ர பங்கையும் குடிச்சு. ஒருநாளும் தவறவிடேல்லை." பெருமையாகச் சொன்னாள்.

தொலைபேசிக்குள் நர்ஸின் குரல் மட்டும் அலோ, அலோ என்று கேட்டுக்கொண்டிருந்தது. குகன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எதற்காக எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறீங்கள்?" என்றாள் வசந்தி. அவள் முகத்தில் நான் வந்த நாளிலிருந்து பார்க்காத மலர்ச்சி. "பிள்ளைக்கு ஒண்டுமில்லையெல்லோ, அது காணும். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். அபிராமி எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. மற்றக் கையால் தொலைபேசியைக் காதில் வைத்து, ஃபிரெஞ்சில், ஒவ்வோர் எழுத்தாக, வசந்தியின் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.